மறையா? மன்றமா?

ஞாயிறு காலை இந்த ஏட்டைக் கையில் எடுக்கிறீர்கள். படிப்பகத்துத் திண்ணையிலே ஒருவர் உரக்கப் படிக்கிறார், சுற்றியிருப்போர் கேட்கிறார்கள், இடையிடையே தேநீர் வருகிறது, தேநீரைவிடச் சூடாக விவாதம் வருகிறது. மாலையிலே பொதுக்கூட்டம். இரவிலே நாடகம். நமக்கு ஞாயிறு என்றால் அரசியல் நாள்!

ஐரோப்பாவிலே ஒரு கட்சி இருக்கிறது. ஞாயிறு என்றால் அதற்கு அரசியல் கிடையாது. கூட்டம் இல்லை, கோஷம் இல்லை, அறிக்கை இல்லை. ஆண்டவனுக்குரிய நாளில் ஆட்சியைப் பற்றிப் பேசுவது பாவம் என்று கருதும் கட்சி அது. தங்கள் கட்சி மட்டுமல்ல, நாடே அந்நாளில் ஓய்ந்திருக்க வேண்டும், கடைகள் அடைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நாடகம் என்றாலோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வைதிகர்கள் அவர்கள். ஆகவே என் போன்றவனை அவர்கள் ஊர் எல்லையிலேயே நிறுத்தி வைப்பார்கள்! நிறுத்தட்டும். எல்லையில் நின்றபடியே அவர்களை நாம் பார்ப்போம். பார்க்க வேண்டிய கட்சிதான் அது.

நம்மவர் ஆலந்து என்றும், யாழ்ப்பாணத்தார் ஒல்லாந்து என்றும் அழைத்துப் பழகிய நெதர்லாந்து நாட்டிலே, 1918 ஏப்ரலில், மிடில்பர்க் என்ற நகரில் பிறந்தது அந்தக் கட்சி. பெயரைத் தமிழாக்கினால் சீர்திருத்தத் திருச்சபை அரசியல் கட்சி. சுருக்கமாக எஸ். ஜி. பி. அந்நாட்டில் இன்று உயிரோடு இருக்கும் கட்சிகளிலே மூத்தது இதுதான். அதற்கு முன்னே தோன்றிய பெருங்கட்சிகள் உடைந்தன, இணைந்தன, பெயர் மாறின, மறைந்தன. இந்தச் சின்னஞ்சிறு கட்சியோ நூறாண்டைக் கடந்தும் அதே பெயரோடு, ஏறத்தாழ அதே கொள்கையோடு, அதே ஊர்களின் வாக்கோடு நிற்கிறது. தென்மேற்கே கடலோரச் சேலாந்து மாகாணத்தில் தொடங்கி, வடகிழக்கே ஸ்டாப்ஹார்ஸ்ட் வரை, வேதாகமத்தை வரிக்கு வரி நம்பும் ஊர்கள் ஒரு கச்சைபோல அந்நாட்டின் குறுக்கே கிடக்கின்றன. அந்தக் கச்சைதான் இக்கட்சியின் கோட்டை.

என்ன கேட்கிறது இந்தக் கட்சி? மரண தண்டனை மீண்டும் வேண்டும் என்கிறது. கருக்கலைப்புக் கூடாது. 2001இல் உலகிலேயே முதன்முதலாக ஒருபாலினத்தார் திருமணத்துக்குச் சட்டம் வகுத்த நாடு அது. நோயாளியின் வேண்டுகோளின்பேரில் மருத்துவர் உயிரை முடித்துவைக்கலாம் என்ற சட்டத்தை 2002இல் உலகிலேயே முதலாவதாக நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடும் அதுவே. இரண்டையும் இக்கட்சி எதிர்த்தது. இறைநிந்தனையைத் தண்டிக்கும் பழஞ்சட்டத்தை நீக்க மேலவை 2013இல் முடிவெடுத்தபோது, நீக்காதே என்றது.

இவையெல்லாம் கிளைகள். வேர் எங்கே இருக்கிறது?

1561இலே கீடோ டி பிரே என்ற போதகர் ஒரு விசுவாச அறிக்கை எழுதினார். அதன் 36ஆம் பிரிவு அரசாங்கத்தின் கடமையைப் பேசுகிறது. திருடனைப் பிடிப்பதும் தெருவைக் காப்பதும் மட்டுமல்ல அரசின் வேலை. விக்கிரக வணக்கத்தையும் பொய்யான வழிபாட்டையும் அகற்றுவதும் தடுப்பதும் அதன் வேலையே என்கிறது. ஆபிரகாம் கைப்பர் என்ற பேரறிஞர், கால்வினியர்களை முதன்முதலில் பெருங்கட்சியாகத் திரட்டி 1901இல் பிரதமராகவும் ஆனவர், அந்தச் சொற்கள் இக்காலத்துக்கு ஒவ்வா என்று கண்டார். அவர் சார்ந்த திருச்சபை 1905இல் அந்தத் தொடரை நீக்கியது. கைப்பரின் கட்சி கத்தோலிக்கருடன் கைகோத்து ஆட்சியும் நடத்தியது.

கெரிட் ஹென்டிரிக் கெர்ஸ்டன் என்ற போதகர் கொதித்தார். தொடரை நீக்குவதா? போப்புடன் கூட்டா? அந்தக் கொதிப்பிலே பிறந்ததுதான் எஸ். ஜி. பி. அடித்து நீக்கப்படாத 36ஆம் பிரிவு, முழுப்பிரிவு, அதுவே கட்சியின் மூலமந்திரம். அரசுக்கு மக்கள் தலைவரல்லர், மறையே தலைமை என்பது அதன் சாரம்.

"தலைமையாக இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன?" என்று கேட்கும் தோழன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த 36ஆம் பிரிவின் கருத்து காகிதத்தில் கிடக்கும்போது ஒரு மாதிரி; கையில் கோலோடு வரும்போது வேறு மாதிரி. கோலோடு வந்ததைப் பார்த்தவர்கள் தமிழர்கள்!

1658இலே ஒல்லாந்தக் கம்பெனி யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. அதே ஆண்டிலேயே ஆணை பிறந்தது: கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருபவனுக்கு மரண தண்டனை! முன்னே போர்த்துக்கீசியர் கோயில்களை இடித்துச் சிலுவையை நாட்டினார்கள். பின்னே வந்தவர்கள் அதே சிலுவையின் பெயரால் அவர்களுடைய குருமாரை விரட்டினார்கள். அரசுப் பதவி வேண்டுமா, சீர்திருத்தத் திருச்சபையிலே ஞானஸ்நானம் பெற்று வா என்றார்கள். பதவிக்காகப் பெற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்து திருநீறு பூசியவர் பலர். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு யாழ்ப்பாணம் வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? பிச்சைக்காரனைப் போலக் கந்தல் உடுத்தி, இரவிலே மறைந்து மறைந்து, வீடு வீடாகத் தம் மக்களைத் தேடினார். 2015இல் போப் பிரான்சிஸ் கொழும்புக்கே வந்து அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அரசாங்கத்தை மறை ஆளத் தொடங்கினால் முதலில் ஒளிந்து ஓட வேண்டியவன் நாத்திகன் என்று நினைக்கிறோம். இல்லை, தோழர்களே! அதே கடவுளை வேறு முறையில் வணங்குபவன்தான் முதலில் ஓடுகிறான்.

அறம் தவறாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1658இல் நடந்ததற்கு 1918இல் பிறந்த கட்சியைக் கூண்டில் ஏற்ற முடியாது. கம்பெனிக்கு வேதத்தைவிட இலவங்கப்பட்டைதான் பெரிது. இக்கட்சியாரும் எவர் மனத்தையும் வலிந்து மாற்ற மாட்டோம் என்கிறார்கள். மனச்சான்றுக்கு உரிமை உண்டு, பொய்ச் சமயம் பொதுவெளியில் வழிபாடு நடத்தத்தான் உரிமை இல்லை என்பது அவர்களுடைய பழைய விளக்கம். நெஞ்சுக்குள் நினைத்துக்கொள், வாசலுக்கு வராதே! இதை உரிமை என்பதா? வாயைக் கட்டிவிட்டு, "உள்ளுக்குள் பாடிக்கொள், எமக்கு ஆட்சேபமில்லை" என்று பாடகனிடம் சொல்வது போலிருக்கிறது.

இப்படிப்பட்ட கட்சி பாராளுமன்றத்துக்குள் எப்படி வந்தது? கணக்கு எளிது, கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்த எனக்கே விளங்குகிறது. 1917இல் அந்நாடு தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுவதும் கிடைக்கும் வாக்குகளைச் சேர்த்து எண்ணி, அதற்கேற்ப இடம். இன்று கீழவையிலே 150 இடங்கள். நூற்றைம்பதில் ஒரு பங்கு வாக்கு இருந்தால் ஓர் ஆளை அனுப்பலாம். இக்கட்சிக்கு 100க்கு 2 வாக்கு அளவில் விழுகிறது. 2023 தேர்தலில் விழுந்தவை 2 இலட்சத்துக்குச் சற்று மேல். இடங்கள் மூன்று. 1922இல் ஒன்றிலே தொடங்கி, இரண்டு, மூன்று, மீண்டும் இரண்டு, மீண்டும் மூன்று. நூறாண்டு முழுவதும் அவ்வளவுதான்! நம் நாட்டு முறையிலே இந்த இரண்டு பங்கு வாக்கு பல தொகுதிகளில் சிதறிக் காப்புத்தொகையோடு கரைந்து போயிருக்கும்.

கவனியுங்கள், எத்தனை வேடிக்கை! பெரும்பான்மையின் குரல் உண்மையைத் தீர்மானிக்காது என்பவர்கள் அவர்கள். சிறுபான்மைச் சமயங்களுக்குப் பொதுவெளி கூடாது என்பவர்கள். அவர்களை நூறாண்டாகக் காத்து நிற்பதோ, சிறுபான்மைக்கும் பொது மன்றத்தில் நாற்காலி தரும் ஏற்பாடு. அவர்கள் கொள்கை வென்றால், அவர்களைப் போன்ற சிறு கூட்டத்துக்கு அந்நாட்டில் இடமிராது.

சிறு கட்சி என்ன சாதிக்கும் என்று ஏளனம் செய்யவும் வேண்டாம். ஒரு காட்சி சொல்கிறேன்.

1925 நவம்பர். ஹேக் நகரிலே பாராளுமன்றம். ஆட்சியிலே மூன்று கட்சிக் கூட்டணி. கத்தோலிக்கர் ஒருபுறம், புராட்டஸ்டண்டுக் கட்சிகள் இரண்டு மறுபுறம். நூறு பேர் அவையிலே கெர்ஸ்டனின் கட்சிக்கு இரண்டே பேர். வரவுசெலவுத் திட்டம் விவாதத்துக்கு வருகிறது. வழக்கம்போல் எழுகிறார் கெர்ஸ்டன். வத்திக்கானில் நம் நாட்டுத் தூதர் எதற்கு, அதற்கான பணத்தை வெட்டு என்று வெட்டுத் தீர்மானம். ஆண்டுதோறும் அவர் கொண்டுவருவதுதான். ஆனால் அந்த இரவு, ஆளும் கூட்டணியிலேயே இருந்த ஒரு புராட்டஸ்டண்டுக் கட்சி அதை ஆதரிக்கிறது. எதிர்வரிசையிலே சமதர்மிகள் அமர்ந்திருக்கிறார்கள். போதகர் கெர்ஸ்டனுக்கும் அவர்களுக்கும் எட்டாத தூரம். அவர்களுக்குத் தூதரைப் பற்றி என்ன கவலை? கூட்டணி உடைய வேண்டும் என்பதுதான் கவலை. கையைத் தூக்குகிறார்கள். தீர்மானம் நிறைவேறுகிறது! கத்தோலிக்க அமைச்சர்கள் வெளியேறுகிறார்கள். கோலைன் அமைச்சரவை கவிழ்கிறது. புதிய அமைச்சரவை அமைய 1926 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நாட்டு வரலாறு அதை "கெர்ஸ்டனின் இரவு" என்று இன்றும் அழைக்கிறது.

நாடகக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த இரவின் கடைசிக் காட்சிதான் பிடிக்கிறது. வென்றவர் யார்? பெயர் கெர்ஸ்டனுடையது. பயன் எவருடையது? இரண்டு பேருடைய தீர்மானத்தைத் தோளில் சுமந்து சென்றவர்கள் தங்கள் தங்கள் வீட்டுக்கே சுமந்து சென்றார்கள். சிறு கட்சியின் தீப்பொறி பெருங்கட்சியின் அடுப்புக்குப் பயன்படுவது அன்று தொடங்கியதுமல்ல, அன்றோடு முடிந்ததுமல்ல. 2011இலே மேலவைத் தேர்தல். 75 இடங்களில் ஆளும் தரப்புக்கும் அதற்குத் தோள்கொடுத்த கட்சிக்கும் சேர்த்து 37தான். ஒன்று குறைகிறது! அந்த ஒன்று எஸ். ஜி. பி.யின் ஒரே உறுப்பினர் ஹோல்டைக்கிடம் இருந்தது. நாடே அந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தது.

அப்போதும் அவர்கள் அமைச்சர் பதவியில் அமரவில்லை. பிறந்த நாள் முதல் ஒருமுறைகூட அமைச்சரவையில் இடம்பெறாத கட்சி அது. இங்கே நான் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். பதவி வரும் என்று சேர்ந்தவன் அங்கே எவனும் இல்லை. வராது என்று தெரிந்தே சேர்கிறான். கொடி பிடிக்கிறான், சந்தா கட்டுகிறான், மகனைச் சேர்க்கிறான். இரண்டு இலட்சம் வாக்கு வாங்கும் கட்சியின் இளைஞர் அமைப்பு, பல ஆண்டுகள் அந்நாட்டுக் கட்சிகளின் இளைஞர் அமைப்புகளிலெல்லாம் மிகப் பெரியதாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பெருங்கட்சிகள் பார்த்துப் பொறாமைப்பட்டன. தேர்தல் முடிந்ததும் கிளைக்கழகத்தைப் பூட்டிவிட்டுப் போகிறோமே நாம், அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் தோழன் சற்றே வெட்கப்படட்டும்.

கட்டுப்பாடு நல்லதுதான். எதற்குக் கட்டுப்படுகிறோம் என்பதல்லவா கேள்வி? ஜெர்மானியர் நாட்டைப் பிடித்திருந்தபோது, இது ஆண்டவன் அளித்த தண்டனை, எதிர்த்து நிற்றல் தகாது என்ற நிலையிலே நின்றார் கெர்ஸ்டன். போருக்குப் பின் அவரைப் பாராளுமன்றத்துக்குள் மீண்டும் அனுமதிக்கவில்லை. கொள்கையில் உறுதி அப்போதும் குறையவில்லை அவருக்கு. அதுதான் கொடுமை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். நோயை அனுப்புபவன் ஆண்டவன், அவன் கையைத் தடுக்க ஊசி குத்திக்கொள்வதா என்பது அந்த ஊர்களில் பலருடைய பழைய நம்பிக்கை. தடுப்பூசிக் கட்டாயத்தைக் கெர்ஸ்டன் பாராளுமன்றத்திலே எதிர்த்தார். ஊசி போடாதே என்பதல்ல, கட்டாயப்படுத்தாதே என்பதே எங்கள் நிலை என்கிறது கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1992இலும் 1993இலும் அந்த ஊர்களிலே இளம்பிள்ளை வாதம் புகுந்தது. 71 பேரைப் பிடித்தது, இருவர் மாண்டனர். ஏறக்குறைய எல்லாரும் சமய நம்பிக்கையால் ஊசி போடாதவர்கள். ஊசி போட்ட மக்கள் சுற்றிலும் பாதுகாப்பாக இருந்தார்கள். நோய் அந்தக் கச்சைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. தந்தையின் மனச்சான்றுக்கு உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கால் முடங்கியது தந்தைக்கா?

அவர்கள் நாடு எப்படிப்பட்ட நாடு! கடல்மட்டத்துக்குக் கீழே கணிசமான பகுதி. 1953 பிப்ரவரி முதல் நாள், அதுவும் ஒரு ஞாயிறு, விடியுமுன்னே கடல் பொங்கி அணைகளை உடைத்துக்கொண்டு சேலாந்துக்குள் பாய்ந்தது. 1,836 உயிர்கள் போயின. இந்தக் கட்சியின் கோட்டையான அதே சேலாந்து! பிறகு என்ன செய்தார்கள்? முழங்காலிட்டு வேண்டினார்கள், எழுந்து அணை கட்டினார்கள். உலகமே வந்து வியக்கும் அணைகள், கதவுகள், மதகுகள். அலையை அனுப்பியவனும் ஆண்டவன்தானே, அவன் கையைத் தடுப்பதா என்று அப்போது அணைக்கு முன்னே எவரும் மறியல் செய்யவில்லை. கடலுக்கு அணை கட்டினால் பக்தி குறையாது, காய்ச்சலுக்கு அணை கட்டினால் குறைந்துவிடுமா? இந்தக் கேள்விக்கு அந்த ஊர்த் தாய்மார்கள் பலர் வாய்பேசாமல் விடை சொல்லியிருக்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனதன்மூலம்.

தாய்மார்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது, பெரிய வழக்கு. ஆணே பெண்ணுக்குத் தலை. ஆளும் பொறுப்பு பெண்ணின் அழைப்புக்கு மாறானது என்பது கட்சியின் கொள்கைத் திட்டம். பெண்களுக்கு வாக்குரிமையே கூடாது என்றுதான் தொடக்கத்தில் நின்றார்கள். வரலாறு குறும்புக்காரி! பெண்கள் முதன்முதலாக வாக்களித்த பாராளுமன்றத் தேர்தல் 1922இல் நடந்தது. அதே தேர்தலில்தான் கட்சிக்கு முதல் இடம் கிடைத்தது.

பெண்ணுக்கு முழு உறுப்பினர் உரிமை இல்லை, வேட்பாளர் ஆகும் உரிமை இல்லை. பெண்ணுரிமை அமைப்புகள் வழக்காடின. 2005இல் ஹேக் நீதிமன்றம், இக்கட்சிக்கு அரசு மானியம் தருவது தகாது என்றது. அடுத்த ஆண்டே கட்சி, உறுப்பினர் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. வேட்பாளர் கதவைத் திறக்கவில்லை. 2007இல் அரசியல் ஆலோசனை மன்றம், மானியத்தை நிறுத்தியது தவறு, பெண்கள் வேண்டுமானால் வேறு கட்சிகளிலே நிற்கலாமே என்றது. 2010இல் உச்சநீதிமன்றம் முடிவாகச் சொன்னது: பெண்ணுக்கும் நிற்கும் உரிமை உண்டு; கட்சி மறுத்தால் அரசு தலையிட்டே ஆக வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். 2012இல் அங்கும் கதவு அடைபட்டது.

நானும் கட்சிக்காரன். வேட்பாளர் பட்டியலில் நீதிபதியின் பேனா நுழைகிறது என்றால் எனக்கும் துணுக்கென்கிறது. இன்று அவர்கள் பட்டியல், நாளை நம் பட்டியலா? கொள்கை என்பது உறுப்பினர் முடிவெடுப்பதா, வழக்கறிஞர் முடிவெடுப்பதா? பல இரவு இதை எண்ணிப் பார்த்தேன். தம் கோயிலிலே பெண் போதகர் வேண்டாம் என்றால், அது அவர்கள் கோயில். வெளியே நின்று நாம் கண்டிக்கலாம், கதவை உடைக்க முடியாது. வேட்பாளர் பட்டியல் கோயில் அல்ல. அது ஊராருடைய மன்றத்துக்குப் போகும் படிக்கட்டு. ஊராரின் வரிப்பணத்திலே மானியம் வாங்கி, ஊராரின் சட்டத்தை எழுதப் போகும் படிக்கட்டில் பாதி ஊரை ஏறாதே என்று தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

வேறு கட்சிக்குப் போகலாமே என்றார்களே, யாரிடம் சொன்னார்கள்? அந்த ஊரிலே பிறந்து, அந்தக் கோயிலிலே மணந்து, அந்த நம்பிக்கையை நெஞ்சார ஏற்று, அதற்காகவே பேச வேண்டும் என்று துடிக்கும் பெண்ணிடம்! அவள் கேட்பது கொள்கை மாற்றம் அல்ல, அந்தக் கொள்கையைப் பேசத் தனக்கும் ஒரு மேடை. அவளை எதிரிக் கட்சிக்குப் போ என்பது தாய்வீட்டுக்கு வந்தவளை வாசலில் நிறுத்தி, அடுத்த தெருவில் அன்னசத்திரம் இருக்கிறது என்று வழிகாட்டுவதுதான்.

2013இலே கட்சி விதியைத் திருத்தியது. மனமாறி அல்ல; திட்டத்திலே அந்தக் கருத்து அப்படியே இருக்க, விதியை மட்டும் தளர்த்தினார்கள். எந்தப் பெண்ணும் வரமாட்டாள் என்று எண்ணியிருக்கலாம். மறு ஆண்டே, 2014 மார்ச்சில், ஃப்ளிசிங்கன் என்ற துறைமுக நகரின் மன்றத் தேர்தல். பட்டியலின் தலைமைக்கு ஓர் ஆண்மகன் கிடைக்கவில்லை. லிலியான் யான்சே என்ற பெண்மணி முன்வந்தார். பட்டியலின் முதற்பெயர் அவருடையது. வாக்குகளை எண்ணினார்கள், இடம் கிடைத்தது.

கட்சி பிறந்த மிடில்பர்க்கிலிருந்து அந்த ஃப்ளிசிங்கனுக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். நடந்தால் ஒன்றரை மணி நேரம். அந்தக் கட்சியின் பெண்ணுக்கு 96 ஆண்டுகள் பிடித்தன.